ஈரம் காயாத அடுப்புகள்

இன்னும் முப்பத்தொன்பது பேர் வர வேண்டும். ஐந்நூற்றுக்கு மேல் மூவாயிரத்துக்குள் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் கையெழுத்திட்டால்தான் கிராம சபை. தொண்ணூற்றொன்பது பேர் இருந்தால் அது சட்டத்தின் கண்ணில் சபை இல்லை, பந்தலுக்குக் கீழே நிழலுக்கு ஒதுங்கிய கூட்டம். இதை யாரும் கேட்காமலேயே ஊராட்சிச் செயலர் மாசிலாமணிக்கு விளக்கினேன். இருபது ஆண்டுகளாக அந்த விதியோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், ஆனாலும் புதிதாகக் கேட்பவர்போல் "ஆமாங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருப்பக்கம் ஆள் தேடப் போனார். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. கூட்டம் தொடங்கியதும் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் சுகந்தி சொல்லியிருக்கிறார். அதுவரை இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி, மணலில் மெல்ல இறங்கும் அதன் பின்னங்கால், பந்தல் துணியிலிருந்து என் வேட்டியில் விழும் சிவப்பும் நீலமும், அலோ அலோ என்று தன்னையே விசாரித்துக்கொள்ளும் ஒலிபெருக்கி. அக்டோபர் இரண்டு, காலை பதினொரு மணி. இரவு மழை பெய்திருக்கிறது, மண்ணில் அந்த வாசனை இன்னும் இருக்கிறது, எங்கோ சுண்டலுக்குத் தாளிக்கிறார்கள். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். இருக்கக் கூடாத நேரத்தில் இப்படிச் சுகமாக இருக்கிறேனே என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது, ஏனென்றால் கால் மணி நேரத்துக்கு முன்னால் பச்சையம்மா என்கிற பெண்மணி என் வாழ்நாள் வேலையைச் சிரித்துக்கொண்டே இடித்துப் போட்டுவிட்டு, எனக்கு டீ வாங்கி வரப் போயிருக்கிறார்.

கையெழுத்துப் போட்ட கையோடு நேரே என்னிடம்தான் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கழனி வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். நீங்க அடுப்பு சார்தான என்றார், தலையில ஒண்ணுமே இல்லாம அடையாளம் தெரியலையே என்றார். அடுப்பு சார் என்பது இந்த ஊரில் எனக்குப் பெயர், எனக்குத் தெரியும்; நகரத்துக் கருத்தரங்குகளில் என்னைக் கனகசபாபதி என்று அழைக்கிறவர்களைவிட இங்கே அடுப்பு சார் என்று அழைத்தவர்கள் அதிகம். ஆமாம் என்றேன். தாண்டவராயன் பொண்டாட்டி நான், நடுத்தெரு என்றார். நினைவில் இல்லை, ஆனால் நினைவு இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன், கள ஆய்வாளன் முதலில் பழகுவது இதைத்தான். அப்புறம் அவர், நெடுநாள் மறைத்து வைத்த குறும்பை வெளியே விடுகிறவர்போல வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "அப்ப ரெண்டாவது வாட்டி வந்து எண்ணிகினு போனீங்களே சார் அடுப்பு, புதுசா இர்ந்திச்சே, அது அத்தினியும் உங்களுக்கோசரம் போட்டது" என்றார். எதற்காக, எப்படிப் போட்டார்கள் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, இருங்க, டீ வாங்கியாரேன் என்று கிளம்பிவிட்டார்.

குடும்பம் என்றால் என்ன? எங்கள் துறையில் இது பெரிய சண்டை. ஒரு கூரைக்குக் கீழ் இருப்பவர்கள் என்பார்கள் சிலர், ஒரு பட்டாவில் இருப்பவர்கள் என்பார்கள் சிலர், நான் உலை என்றேன். ஓர் உலையில் வெந்ததைத் தின்பவர்கள் ஒரு குடும்பம். ஆகவே குடும்பத்தை எண்ண வேண்டுமானால் அடுப்பை எண்ணு. எளிமை, அழகு, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய வரையறை. எண்பத்திரண்டில் இருபத்தெட்டு வயதுக்காரனாக, ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜீப்பில் வந்து, வீடு வீடாகப் போய் அடுப்பை எண்ணினேன்: நூற்றுப் பன்னிரண்டு. எண்பத்துநான்கில் மறுபடி வந்து எண்ணினேன்: நூற்று எழுபத்தொன்று. இரண்டே ஆண்டில் ஐம்பத்தொன்பது உலைகள் புதிதாக. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, காதலில் விழுந்தவனுக்கு வராததுபோல. கிணறுகளில் மின்மோட்டார் வந்துகொண்டிருந்த காலம், குட்டை நெல் வந்துகொண்டிருந்த காலம். இதோ, இயந்திரமும் விதையும் சேர்ந்து கூட்டுக்குடும்பத்தை என் கண் முன்னால் பிளக்கின்றன, நான் பென்சிலோடு பக்கத்தில் நிற்கிறேன். நான் அரசாங்க ஆள் இல்லை, இதனால் உங்களுக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன், ஆய்வு நெறி அது. சொல்லச் சொல்ல அவர்களுக்கு உறுதியானது. ஜீப்பில் வருகிறான், படிவம் வைத்திருக்கிறான், கேட்காமலேயே இல்லை இல்லை என்கிறான், தாசில்தார் ஆபீசைத் தவிர வேறு எங்கிருந்து வந்திருப்பான்? நிலத்தைக் கேட்கவில்லை, மாட்டைக்கூட அப்புறம்தான் கேட்டான், முதலில் அடுப்பைக் கேட்கிறான்; அப்படியானால் அடுப்புக்கு ஒன்று வீதம் வீட்டுமனை கொடுக்கப் போகிறார்கள். இதில் என்ன பிழை? கையில் இருந்த சான்றுகளுக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது. என் முடிவைவிட அவர்கள் முடிவு சுத்தமாக இருக்கிறது.

அவ்வளவு சிரிப்பிலும் பச்சையம்மா ஒரு வாக்கியத்தில் சொன்னதை நான் விட்டுவிடக் கூடாது: நான் மறுபடி வருகிறேன் என்ற சேதி வந்ததும் மூன்றே நாளில் போட்டார்களாம். ஏரி மண்ணை அள்ளி வந்து, உமி கலந்து மிதித்து, மூன்று குமிழ் வைத்து, ஜீப் தெருமுனையில் திரும்பும்போது உள்ளே வைக்கோலைக் கொளுத்திப் புகை வேறு காட்டியிருக்கிறார்கள். அந்தப் புகையை நான் பார்த்தேன். அந்தப் புகையில் இருமினேன். என் களக் குறிப்பேட்டில் 'பல அடுப்புகளில் பூச்சு ஈரம்' என்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் இந்த ஊரைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தின் ஏழாம் இயலைத் தொடங்கினேன். 'இந்த அடுப்புகளின் ஈரம் இன்னும் காயவில்லை. மாற்றம் அவ்வளவு புதியது.' எத்தனை ஆய்வேடுகளின் முகப்பில் அந்த வாக்கியத்தைப் போட்டிருக்கிறார்கள்! ஒரு மாணவி அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது, நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரி படியாத அடுப்பு. ஒரு நாளும் சோறு வேகாத அடுப்பு. கையை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கையை எப்படி விடுவேன், கையில் பென்சில் இருந்ததே. அறுபத்து நான்கு, அறுபத்தைந்து என்று மாசிலாமணி எண்ணுகிற சத்தம் கேட்கிறது, இரண்டு பெண்கள் குழந்தையோடு வந்து முன்வரிசையில் உட்காராமல் பின்வரிசையில் உட்காருகிறார்கள். எண்ணுவது ஒரு நல்ல தொழில். எண்ணுகிறவன் வந்தான் என்றதும் எண்ணப்படுவது ஒழுங்காக எழுந்து வரிசையில் நிற்கிறது; வேறு எந்தத் தொழிலுக்கும் இந்த மரியாதை இல்லை.

இப்போது பயப்பட வேண்டும். முறைப்படி பயந்து பார்க்கிறேன். சென்னையில் இளவழகன் என்கிற பதிப்பாளர், இந்தப் புத்தகத்தை மறுபடி கொண்டு வருகிறார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடைகளில் கிடைக்காத புத்தகம். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது, கடைசித் திருத்தம் ஏதாவது இருந்தால் இன்று மதியத்துக்குள் சொல்லுங்கள் என்று நேற்று சொன்னார், நான் ஒரு காற்புள்ளியைப் பற்றி அவரிடம் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். ஒரு காற்புள்ளி! எனக்கு எழுபத்தொன்று, அடைப்பெடுத்து இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், இந்தப் பதிப்பு போனால் இன்னொன்று வராது, வந்தாலும் நான் இருக்க மாட்டேன். ஏழாம் இயல் இல்லாமல் அந்தப் புத்தகம் என்ன? மற்ற இயல்களை நானே இரண்டாவது தடவை படித்ததில்லை. ஏழாம் இயலின் வாதம் ஒரு சங்கிலி: மோட்டார் வந்தது, அதனால் நிலம் பிரிந்தது, நிலம் பிரிந்ததால் உலை பிரிந்தது, உலை பிரிந்ததால் வாக்கு பிரிந்தது. எண்பத்தாறு ஊராட்சித் தேர்தலில், முப்பது ஆண்டு இந்த ஊரைக் கையில் வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர் நாற்பத்தொரு வாக்கில் தோற்றார். ஒரு குடும்பத் தலைவரிடம் சொன்னால் பத்து வாக்கு விழுந்த காலம் முடிந்தது என்று எழுதினேன். இப்போது சங்கிலியின் நடு வளையம் களிமண். ஏரி மண்ணும் உமியும். பேராசிரியர் தேசிகாமணி ஒருவர்தான் அப்போதே சந்தேகப்பட்டார். இரண்டு வருஷத்தில் ஐம்பத்தொன்பது குடும்பம் பிரிய அந்த ஊரில் என்ன பூகம்பமா வந்தது என்று ஒரு மதிப்புரையில் கேட்டார், வெறும் இரண்டு பக்கம். நான் பதினான்கு பக்கத்தில், அறுபத்து மூன்று அடிக்குறிப்போடு பதில் எழுதி அவரை வாயடைத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார், இரங்கல் கூட்டத்தில் நான்தான் தலைமை. அவருடைய அறிவு நேர்மையைப் பாராட்டினேன், ஜெயித்தவனுக்கே உரிய பெருந்தன்மையோடு. தேசிகாமணி, பூகம்பம் இல்லை ஐயா, ஜீப். என் ஜீப். இதை அவரிடம் சொல்ல முடிந்தால் எவ்வளவு சிரித்திருப்பார், அவருக்குச் சிரித்தால் விக்கல் வரும். பயம் எங்கே போனது? கொஞ்சம் இருக்கிறது. ஓர் அடிக்குறிப்பு போட்டால் போதாதா? 'அண்மையில் களத்தில் பேசிய ஒருவர், சில அடுப்புகள் ஆய்வை எதிர்நோக்கி அமைக்கப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறார்.' சில. இருக்கலாம். கருதுகிறார். மூன்று சொல்லில் உண்மையை மூன்று கூறாக்கிப் புதைத்துவிடலாம், எனக்குத் தெரியாத வித்தையா. அடிக்குறிப்புக்குச் சின்ன எழுத்து, என் வயதுக்காரர்கள் யாராலும் படிக்க முடியாது.

டீ வந்துவிட்டது. காகிதக் கோப்பை இரண்டு, ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, பக்கத்து நாற்காலியைத் தூசி தட்டி உட்கார்ந்தார். சர்க்கரை இல்லாமல் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன், குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. கோவமா சார் என்று கேட்டார். இல்லை என்றேன். மனை ஒண்ணும் வரல சார், உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல என்று என்னைத் தேற்றினார். நான் போன பிறகு அந்த அடுப்புகளை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். நாற்பது ஆண்டில் நான் கேட்ட முதல் நல்ல கேள்வி என்று நினைக்கிறேன், கேட்கும்போது தெரியவில்லை. அவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். ஜீப் போன மறுநாளே மாமியார் இடித்துப் போடச் சொன்னாளாம். இவரும் ஓரகத்தி கன்னியம்மாவும் தலையைத் தலையை ஆட்டிவிட்டு இடிக்கவில்லை. முதலில் அதில் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். அப்புறம் குழந்தைக்கு வெந்நீர். ஒரு நாள் மாமியார் திருவிழாவுக்கு மகள் ஊருக்குப் போயிருந்தபோது, கன்னியம்மா அந்த அடுப்பில் ஒரு படி அரிசி போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பச்சையம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அன்னிக்கி சூடா சாப்ட்டேன் சார். கண்ணாலம் ஆயி நாலு வருஷத்துல அதான் மொத தடவ. ஆம்பளிங்க துண்ணு, மாமியா துண்ணு, கொயந்திங்க துண்ணு, அப்பால ஆறிப்போயி கெடக்கும் பாரு, அதத்தான் துண்ணுகினு இருந்தோம்." அதன் பிறகு அடுப்பை இடிக்கச் சொன்னால் மாமியாரை இடித்திருப்போம் என்று சிரித்தார். அடுப்பு நின்றது, தனிப் பானை வந்தது, தனிப் பானைக்குத் தனி நெல் வேண்டுமென்று இவர்கள் புருஷன்மாரை நச்சரித்தார்கள், நெல் பிரிந்தால் நிலம் பிரிய வேண்டியதுதானே, எண்பத்தைந்து அறுப்பு முடிந்ததும் அண்ணன் தம்பி வரப்புப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து நடுத்தெருவில் ஒவ்வொரு வீடாகப் பிரிந்தது. ஓட்டு, என்று நான் கேட்கத் தொடங்கும் முன்பே, மாமியா சொல்ற சின்னத்துல குத்துறது அன்னியோட நின்னுபோச்சு என்றார்.

அப்படியானால் என் சங்கிலி பொய்யில்லை, தலைகீழ். அடுப்புதான் நிலத்தைப் பிரித்திருக்கிறது. மோட்டார் பாட்டுக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, குட்டை நெல் பாட்டுக்கு விளைந்திருக்கிறது, நடுவில் ஓர் உதவாக்கரை ஜீப் வந்து கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டதில் இங்கே ஒரு தலைமுறைப் பெண்கள் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் எண்ணிய அன்று அந்த எண் பொய். ஒரு வருஷம் கழித்து உண்மை. நான் மாற்றத்தைப் பதிவு செய்யவில்லை, தவறான முகவரியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறேன். இதை ஒரு சக ஆய்வாளனுக்கு நடந்ததாகக் கேட்டிருந்தால் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்திருப்பேன், எனக்கே நடந்தது என்பதற்காகச் சந்தோஷத்தைக் குறைப்பானேன்? கால் விரல்களைச் செருப்பிலிருந்து எடுத்து மணலில் வைக்கிறேன், மேலே சூடு, ஒரு விரற்கடை கீழே ஈரம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன், அதில் பெண் பெயர் ஒன்றாவது உண்டா? பொருளடைவை மனதுக்குள் புரட்டுகிறேன்: பட்டாதாரர், பண்ணையாள், பம்புசெட்டு, பஞ்சாயத்து, பச்சையம்மா இல்லை. நடுவில் எங்கோ ஒரு மாமியார் வருகிறாள், பெயரில்லாமல், ஒரு சதவீதத்தில். நான் கேள்வி கேட்டது எல்லாம் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்த ஆண்களை; பெண்கள் கதவுக்குப் பின்னாலிருந்து தப்பைத் திருத்தினார்கள், 'பின்னணிக் குரல்' என்று குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்தது சௌந்தரா, என் மனைவி. ஏழாம் இயலை அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, அடுப்பை யார் போட்டாங்கன்னு எங்கயும் வரலையே என்று கேட்டாள். அது ஆய்வுக்குப் பொருட்டில்லை என்றேன். சரி என்று மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். அப்புறம் எனக்குச் சோறு போட்டாள், அவள் எப்போது சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் கேஸ் அடுப்பு ஒன்றுதான், இரண்டு பர்னர். இதை இப்போது போன் பண்ணிக் கேட்டால் என்ன சொல்வாள்? நாற்பது வருஷம் கழிச்சுக் கேட்கிற கேள்வியா, மாத்திரை போட்டீங்களா என்பாள்.

பந்தலில் இப்போது சத்தம் கூடியிருக்கிறது. மாசிலாமணி இரண்டு முறை எண்ணிவிட்டார், தொண்ணூற்றொன்பது. நூறாவது ஆளைக் காணவில்லை. தண்ணீர்த் தொட்டி கட்டும் தீர்மானம் இன்று போகாவிட்டால் அடுத்த கூட்டம்வரை தள்ளிப் போகும், கிழக்குத் தெருவுக்குக் கோடையில் குழாய் இல்லை என்று தலைவர் சுகந்தி மைக்கைக் கையில் பொத்திக்கொண்டு கவலையோடு சொன்னார். மாசிலாமணியின் கண் பந்தலை ஒரு சுற்று சுற்றி வந்து என்மேல் நின்றது. பதிவேட்டை என் மடியில் வைத்து, பேனாவைத் திறந்தும் வைத்தார், வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. இந்த நாகரிகம் அலுவலகங்களில் மட்டுமே கிடைக்கிறது. நான் இந்த ஊர் வாக்காளன் இல்லையே என்றேன், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபையின் உறுப்பினர் என்று எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்றெல்லாம் ஆரம்பித்தேன். பச்சையம்மா இடையில் புகுந்தார். "நாங்க சொன்ன பொய்ய மட்டும் புக்குல போட்டுகினீங்க. எங்களுக்கோசரம் நீங்க ஒரு பொய்யி சொல்ல மாட்டீங்களா சார்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், மாசிலாமணிகூடச் சிரித்துவிட்டு உடனே சிரிக்காதவரானார். எனக்குக் காது சூடானது. பேனாவை எடுத்தேன். பேனா கனமாக இருந்தது. நான் கையெழுத்திட்டால் தொட்டி வரும், தொட்டி வந்தால் குழாய் வரும், பொய் ஒரு வருஷத்தில் உண்மையாகும், இந்த ஊரில் அதற்கு முன்னுதாரணம் உண்டு, எழுதியதே நான்தான். அந்த நேரத்தில் வரப்பிலிருந்து நேரே ஒரு பெண், கையில் அரிவாளும் தலையில் புல்லுக்கட்டுமாக வந்து, எங்கடி போடணும் கையெழுத்து என்றாள். பதிவேடு என் மடியிலிருந்து பறந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்ததை இங்கே நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

நூறு ஆனது. நாட்டுப்பண் மாதிரி ஏதோ தொடங்கி, பாதியில் மின்சாரம் போய், வாயாலேயே பாடி முடித்தார்கள். உட்காரும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இளவழகன். பந்தலின் ஓரத்துக்குப் போய், ஆட்டோ நிற்கிற இடத்தில் நின்று பேசினேன். காற்புள்ளி எடுத்தாச்சு சார், அனுப்பிடட்டுமா என்றார். நல்ல பிள்ளை, நஷ்டப்பட்டுப் புத்தகம் போடுகிறவர். அனுப்புங்கள் என்று சொல்ல நான்கு நொடி ஆகும், அதன் பிறகு நான் சாகும்வரை ஈரம் காயாமலே இருக்கலாம். இதை என்னிடம் சொன்னவர் பச்சையம்மா ஒருவர்தான், அவரும் என் புத்தகத்தைப் படிக்கப் போவதில்லை. ஏழாவது இயல் தப்பு, நிறுத்துங்கள் என்றேன். எந்தப் பக்கம் சார் என்றார். எல்லாப் பக்கமும் என்றேன். அந்த இயலுக்காகத்தானே சார் புத்தகத்தையே வாங்குவார்கள், முன்னுரையில் ஒரு பத்தியோ, கீழே ஓர் அடிக்குறிப்போ போட்டுவிட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். நான் ஒரு மணி நேரமாகச் செதுக்கி வைத்திருந்த அந்த வாக்கியத்தையே அவரும் கண்டுபிடித்துவிட்டார். அடிக்குறிப்பின் ருசி எனக்கு மட்டும் தெரிந்ததில்லை. ஐம்பத்தொன்பது பெண்களை ஓர் அடிக்குறிப்பில் உட்கார வைக்க இடம் போதாது என்றேன். அவருக்குப் புரியவில்லை, நான் புரியவைக்கவும் இல்லை. ஆறு மாதம் வேண்டும் என்றேன். இந்த வரிசை டிசம்பரோடு முடிகிறது, இந்த இடத்தில் வேறு புத்தகம் போட்டுவிடுவோம், அப்புறம் உறுதி சொல்ல முடியாது என்று வருத்தத்தோடு, ஒளிக்காமல் சொன்னார். தெரியும் என்றேன். வைத்துவிட்டேன். பயம் வரும் என்று ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், பயத்துக்குப் பதிலாகப் பசி வந்தது, சுண்டல் வாசனை.

திரும்பி வந்தபோது மின்சாரமும் வந்துவிட்டிருந்தது, மைக்கில் என் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை என்றார்கள். முதலில் தண்ணீர்த் தொட்டி, அதுதான் அவசரம், நான் கடைசியில் பேசுகிறேன், எனக்கு இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன். சுகந்திக்கு நிம்மதியாக இருந்திருக்கும், என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு என்ற எண் தெரியாது என்பதை அறிந்தவர். பச்சையம்மா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், இரண்டு தொன்னையில் சுண்டல் வாங்கி, ஒன்றை என் நாற்காலியில் வைத்திருந்தார், ஆவி வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டேன். விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தேன். கோடு போட்ட சாதாரண நோட்டு, கட்டம் இல்லை, குறியீட்டு எண் இல்லை. முதல் அடுப்பை யார் போட்டது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. கன்னியம்மா என்றார், என் ஓரகத்தி, ஏகாம்பரம் பொண்டாட்டி, செத்து ஏழு வருஷமாச்சி, ஏரி மண்ண எடுத்தாந்து மொத மொத மிதிச்சது அவதான், மத்தவங்க அவளப் பாத்துத்தான் போட்டாங்க. நான் ஒன்று என்று போட்டு, பக்கத்தில் கன்னியம்மா என்று எழுதினேன். பழக்க தோஷம், அதை ஒட்டிக் கணவர் பெயர் ஏகாம்பரம் என்றும் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்போலிருக்கிறது, விரலை அந்த இரண்டாவது பெயரின்மேல் வைத்தார். "அந்தாளு எதுக்கு சார் இங்க? அவரா மண்ணு மிதிச்சாரு?" அடித்தேன். ஒரே கோடு, நன்றாகத் தெரிகிற கோடு. முன்னால் தொட்டித் தீர்மானத்துக்குக் கைகள் மேலே போயின, பச்சையம்மாவும் கையைத் தூக்கினார், தூக்கிய கையை இறக்காமலே என் பக்கம் குனிந்தார்.

"ரெண்டாவது என் பேர எழுதுங்க. அப்பால இன்னும் அம்பத்தேழு பேரு கீறாங்க. மெதுவா எழுதுங்க சார், நான் எங்கியும் போவல."